நடுமேட்டு முதல் காய்

தீவு என்று அதற்குப் பெயர் வைத்ததே விற்க வந்தவன்தான். அதுவரைக்கும் எங்களுக்கு அது நடுமேடு. கோபி டவுனுக்கு மேற்கே பவானி ஆறு எங்கள் ஊரைத் தொடுகிற இடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடியும் ஒன்று சேர்ந்துகொள்ளும். நடுவில் நிற்கிற மேட்டில் நாலைந்து மருத மரம், ஒரு புளிய மரம், மீதியெல்லாம் வேலிக்கருவை. அப்படிப்பட்ட இடத்தை ஒருத்தர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம். வேறென்ன சொல்ல.

புரோக்கர் லட்சுமணசாமி செல்போனில் படம் காட்டினான். பறக்கிற கேமராவில் மேலேயிருந்து எடுத்தது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் மரங்கள். கீழே, ‘உங்களுக்கே உங்களுக்கென்று ஒரு தனித் தீவு’ என்று எழுதியிருந்தது. ஐப்பசியில் எடுத்த படம். மாசி பிறந்தால் வடக்குப் பக்கத்துக் கிளை வற்றிப்போய்க் கோழிகூட நடந்தே போய்விடும் என்பதை அவன் எழுதவில்லை.

“ஏனப்பா, தண்ணி வத்திப்போச்சுன்னா தீவு எங்கடான்னு கேக்கமாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“வத்தறப்ப அவிய கோயமுத்தூர்ல இருப்பாங்கண்ணா. தண்ணி வந்தாத்தான் இந்தப் பக்கம் வருவாங்க” என்றான். வெட்கமே இல்லை அவனுக்கு.

வாங்கியவர் பெயர் கோவிந்தராஜுலு. பாட்டன் காலத்தில் பருத்திக்காடு, அப்பா காலத்தில் நூல் மில், இவர் காலத்தில் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பம்பு கம்பெனி. கடலில் தீவு வாங்குகிற பணக்காரர்களைப் பற்றி எதிலோ பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். அறுபதாம் கல்யாணத்துக்குத் தனக்குத் தானே ஒரு தீவு. இதை அவர் வாயாலேயே பிற்பாடு கேட்டேன். குழந்தை மாதிரிச் சொன்னார்.

மரம் நிற்கிற மேட்டுக்குத்தான் பட்டா உண்டு. அந்தப் பட்டாவை வைத்திருந்த குடும்பம் ஊரை விட்டுப் போய் ரொம்ப காலம் ஆயிற்று. கோடையில் ஆறு இறங்கும்போது மேட்டைச் சுற்றி வெளியே வருகிற மணல் யார் பட்டாவிலும் இல்லை. அது ஆற்றுப் புறம்போக்கு. அந்த மணலில்தான் மயில்சாமியின் பிழைப்பு இருந்தது.

மயில்சாமி எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒற்றைச் சுவர். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். அவரும் அவர் சம்சாரம் காளியாத்தாளும் மழைக்காலமெல்லாம் கரும்பு வெட்டுவார்கள், வாழைத்தார் சுமப்பார்கள், யார் கூப்பிட்டாலும் போவார்கள். வாய்க்காலுக்குத் தண்ணீர் நின்று ஆறு இறங்கினால் யார் கூப்பிட்டாலும் போகமாட்டார்கள். “எங்களுக்குப் பண்ணயம் கெடக்குதுங்க” என்பார் மயில்சாமி. அதைச் சொல்லும்போது அவர் குரலே வேறு மாதிரி இருக்கும். வருசத்தில் அந்தக் கோடைதான் அவர் யாருக்கும் கூலியாள் இல்லை.

மணலில் வெள்ளரி போடுவது லேசான வேலை இல்லை. ஈரம் தட்டுகிற வரைக்கும் குழி பறித்து, அடியில் ஆட்டுப் புழுக்கை போட்டு, முளைகட்டின விதையை ஊன்ற வேண்டும். மணல் காய்ந்து பொரிகிற காலத்தில் காலையிலும் சாயங்காலமும் ஆற்றில் மொண்டு குழி குழியாக ஊற்ற வேண்டும். குடம் உரசி உரசி காளியாத்தாளுக்கு இடுப்பின் ஒரு பக்கம் காய்த்தே போயிருந்தது. கொடி ஓடிப் பூ எடுத்தால் மயில்கள் வந்துவிடும். கல்லெடுத்து எறிந்து, “எங்கூட்டு மயிலு ஒண்ணக் கட்டி மேய்க்கறது பத்தாதுன்னு நீங்க வேறயா?” என்று அவள் கத்துவது இக்கரை வரைக்கும் கேட்கும்.

கோவிந்தராஜுலு முதல் தடவை வந்தது அவர்கள் முதல் காய் பறித்த அன்றைக்கு. வடக்கே நடந்தே வந்திருக்கலாம். தீவுக்கு நடந்து வந்தால் நன்றாக இருக்காது என்று லட்சுமணசாமி தெற்குப் பக்கமாகப் பரிசலில் கூட்டி வந்தான். அவர், அவர் சம்சாரம், மகள் தேஜஸ்ரீ. அந்தப் பெண் போனைக் கையை விட்டு இறக்கவே இல்லை. நான் மேட்டில் எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை விற்கமாட்டோம். சொந்தப் பண்ணயமாக இருந்தால் சாமிக்கு வைப்போம். அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டால் நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவோம், அவர் ஒரு துண்டு போட்டு அனுப்புவார். மயில்சாமிக்கு மணலில் காட்டுக்காரர் என்று யாரும் இல்லாததால், முதல் கூடை எப்போதும் மருத மரத்தடியில் இருக்கிற கன்னிமார் கல்லுக்குத்தான் போகும்.

அன்றைக்குக் காளியாத்தாள்தான் புருசனை விலாவில் இடித்தாள்.

“ஏனுங்க, வந்தவிய மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறீங்களே. அந்தக் கூடையத் தூக்கிக் குடுங்க.”

“அது கன்னிமாருக்கு, புள்ள.”

“கன்னிமாருக்கு அடுத்த கூடை வெச்சா கோவிச்சுக்குவாங்களாக்கு? தண்ணி தாண்டி வந்த சனம். வெறுங்கையோட போகச் சொல்றதா?”

மயில்சாமிக்கும் அது சரி என்றுதான் பட்டது. தலையில் இருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கூடையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார். “வாங்க சாமி. மொதக் காயுங்க. ஊட்டுக்குக் கொண்டுபோங்க.”

கோவிந்தராஜுலுவுக்கு முகமே மாறிவிட்டது. அவரும் காட்டுக்கார வம்சம்தானே. வருகிற வழியில் கோயிலில் போட்ட துண்டு பையில் இருந்தது. அதை எடுத்து மயில்சாமி தோளில் போட்டார். அப்போது தேஜஸ்ரீ, “வீடியோல சரியா விழலைங்க, இன்னொருக்கா குடுங்க” என்றாள். மயில்சாமி கூடையை வாங்கி, இன்னொரு தரமும் கொடுத்தார். ரெண்டாவது தரம் இன்னும் கொஞ்சம் நன்றாகவே குனிந்தார். பாவி மனுசன்.

அந்த மாசம் முடிவதற்குள் லாரியில் கல்தூண் வந்து இறங்கியது. வேலி மரத்தோடு நிற்கும் என்று பார்த்தால், மணலையும் சேர்த்துத் தண்ணீர் ஓரம் வரைக்கும் கம்பி இழுத்துவிட்டார்கள். வடக்கே ஒரு கேட், ‘தனியார் தீவு, அத்துமீறி நுழையாதீர்’ என்று ஒரு போர்டு. வேலையைப் பார்க்க வந்த மேஸ்திரி மயில்சாமியிடம், “இந்த வெள்ளாமையோட முடிச்சுக்கங்க. அடுத்த வருசத்துக்குள்ள மேட்டுல ரூம் வந்துருமுங்க” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

ஊர் ரெண்டாகப் பிரிந்தது. ஆடு மேய்க்கிறவர்கள், பரிசல்காரர்கள், துணி துவைக்கப் போகிறவர்கள் எல்லாம் ஒரு பக்கம். ரிசார்ட் வந்தால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும், ரோடு போடுவார்கள் என்று இன்னொரு பக்கம். கிராம சபையில் இந்தச் சண்டையில் நாற்காலி உடைந்தது. மயில்சாமி ரெண்டு பக்கமும் பேசவில்லை. காய் பறிக்கப் போய்விட்டார். மணல் புறம்போக்கு என்று மனு எழுதிக்கொண்டு போய்க் கோபியில் கொடுத்தது அவர் மகள் பொற்கொடிதான். அவள் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் நின்றாள். பில் போடுகிற பெண். எவரிடமும் பயப்படாமல் பேசுவாள். தாசில்தாரே நேரில் வந்து விசாரிப்பார் என்று பதில் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் அவர்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு தாளிக்கிற வாசம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது. பொழுது இறங்கியும் வெக்கை குறையவில்லை. மயில்சாமி வாசலில் சோற்று வட்டலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என் வாசலில் இருந்தேன். பொற்கொடி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏனுங்கப்பா, இதைப் பாருங்க” என்று போனை நீட்டினாள். அதில் மயில்சாமி குனிந்து கூடையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னாலே வீணை வாசிக்கிற சத்தம்.

“நாந்தான். அன்னிக்கு எடுத்தது” என்றார் மயில்சாமி. கொஞ்சம் சந்தோசமாகக்கூட இருந்தது அவர் முகம்.

“இதைத்தான் அவிய வக்கீலு நாளைக்குக் காட்டப்போறாருன்னு புரோக்கரு சொல்றாருங்க. மொதக் காயக் காட்டுக்காரருக்குத்தான குடுப்பாங்க? நீங்களே அவரைக் காட்டுக்காரருன்னு ஒத்துக்கிட்டீங்களாமா. துண்டு வாங்கிக்கிட்டீங்களாமா. அவரு அனுமதி குடுத்துத்தான் நீங்க வெள்ளரி போட்டீங்களாமா.”

“அடக் கெரகமே. வந்த மனுசருக்கு நாலு காய் குடுத்தது ஒரு குத்தமா?”

“உங்களுக்கும் எனக்கும் தெரியுதுங்கப்பா. தாசில்தாருக்குத் தெரியோணுமல்ல?”

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. காளியாத்தாள் வாசல்படியில் வந்து நின்றாள். “நாந்தான கண்ணு குடுக்கச் சொன்னேன்” என்றாள். “கன்னிமாருக்குன்னுதான் அவரு சொன்னாரு. என்ற வாயி சும்மா இருந்துதா?” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

“நீ அழுது என்னம்மா ஆகப்போகுது? அப்பா, நாஞ் சொல்றதைக் கேளுங்க. நாளைக்கு அவிய கேட்டா, வித்தேன்னு சொல்லிப்போடுங்க. காய் வித்தேன், காசு வாங்கினேன். அவ்வளவுதான். யாவாரம் பண்ணுனா யாரும் காட்டுக்காரரு ஆகமாட்டாங்க.”

மயில்சாமி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். “மொதக் காய எவனாச்சும் விப்பானா அம்மணி?”

“சொல்றதுக்கு என்னங்கப்பா?”

“ஊரே நிக்கும். மொதக் காய வித்துத் தின்னவன்னு சொல்ல மாட்டாங்களா? நாளைக்கு எவிய மூஞ்சில முழிக்கறது?”

“மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்றதுங்க? மணலு போச்சுன்னா கோடைக்கும் வாழைத்தார் தூக்கப் போவீங்களா? முட்டி ரெண்டும் போயிருச்சு உங்களுக்கு. அம்மா இடுப்பப் பாருங்க. உங்களுக்குன்னு இருக்கறது அந்த மணலு ஒண்ணுதானுங்கப்பா.” சொல்லிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு மயில்சாமி, “சரி. சொல்லிப்போடறேன்” என்றார். வட்டலில் இருந்த சோற்றை அப்படியே கோழிக்கு வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. தாசில்தார் ஒரு அம்மா. குடை பிடிக்க ஆள் வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேட்டைச் சுற்றி நடந்தே பார்த்தார். நல்ல மாதிரி. சர்வேயர் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பழைய எல்லைக் கல் ஒன்றுகூட இல்லை, வெள்ளத்தில் போயிருக்கும் என்றார். எல்லோரும் மருத மரத்தடி நிழலில் நின்றோம்.

“மறுபடியும் அளந்து கல் நடறதுக்கு நாளாகும்” என்றார் தாசில்தார். “அதுவரைக்கும் இந்த மணல் யார் அனுபவத்துல இருக்குதோ அவங்ககிட்ட இருக்கட்டும். மயில்சாமி, நீங்க யாரையும் கேட்காமத்தான் இங்க விவசாயம் பண்றீங்களா?”

“ஆமாங்க. எங்கப்பன் காலத்துல இருந்துங்க.”

வக்கீல் போனைக் காட்டினார். தாசில்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசும் பார்த்தார். குனிந்து கொடுத்தது, துண்டு வாங்கினது, ரெண்டாவது தரம் குனிந்தது எல்லாம்.

“இது என்னங்க? காட்டுக்காரருக்குக் குடுக்கற முதல் காய்ங்கறாரே வக்கீல்?”

மயில்சாமி தரையைப் பார்த்தார். பொற்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காளியாத்தாள் மரத்துக்குப் பின்னால் நின்று சேலையைப் பிடித்துக் கசக்கினாள். சொல்லிவிடு மயில்சாமி, ஒரு வார்த்தை, சொல்லித் தொலைத்துவிடு என்று உள்ளுக்குள் கத்தினேன்.

“அது வித்ததுங்க” என்றார் மயில்சாமி. “காசுக்குக் குடுத்தனுங்க.”

ஆடு மேய்க்கிற சின்னத்தாயி, “மொதக் காயவா?” என்று வாய்க்குள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோவிந்தராஜுலு முன்னால் வந்துவிட்டார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. மனசு நொந்துபோய் நின்றார்.

“வித்தீங்களா? ஏனுங்க மயில்சாமி, எனக்கு வித்தீங்களா அதை?” என்றார். “மணலு உங்களுதா என்னுதான்னு அவிய சொல்லட்டும். அது வேற. அன்னிக்கு அந்தக் கூடைய நான் ஊட்டுக்குக் கொண்டுபோயி சாமி முன்னால வெச்சுக் கும்புட்டனுங்க. எங்கப்பா போனதுக்கு அப்புறம் எனக்கு மொதக் காயின்னு குடுத்தது நீங்க ஒருத்தருதான். அதைப் போயி வித்தேன்னு சொல்றீங்களே.”

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் மயில்சாமி தப்பித்திருப்பார்.

மயில்சாமி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. “விக்கலீங்க சாமி” என்றார். “குடுத்ததுதானுங்க. மனசாரக் குடுத்ததுங்க.”

“அப்பா!” என்று பொற்கொடி கத்தினாள்.

தாசில்தார் அம்மா வீடியோவை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார். அப்புறம் எழுதினார். இந்த வெள்ளாமை முடிகிற வரைக்கும் மயில்சாமி காய் பறித்துக்கொள்ளலாம். அதற்கப்புறம், அளந்து முடிவு தெரிகிற வரைக்கும் மணல் கோவிந்தராஜுலு பொறுப்பில் இருக்கும். அளக்கிறவர்கள் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கம்பி போட்டவர் மேல் இல்லை, மயில்சாமி மேல். என்ன மனுசன் இவர், சொன்ன ஒரு பொய்யில் கடைசி வரைக்கும் நிற்கத் தெரியவில்லையே என்று அவரோடு பேசாமலே இருந்தேன். பொற்கொடியும் பேசவில்லை. ஜவுளிக்கடைக்காரர்கள் கொடுத்த ஹாஸ்டலிலேயே தங்கிக்கொண்டாள். காளியாத்தாள் மட்டும் எப்போதும் போலக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடைசிக் கொடி காய்கிற வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

ஆடியில் ஆறு நிறைந்து மணல் மூழ்கியது. அதற்கு முன்பே மேட்டில் மூங்கிலும் சிமெண்டுமாக மூன்று ரூம் கட்டிவிட்டார்கள். ஒருநாள் கோவிந்தராஜுலுவே காரை எங்கள் தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“ஏனுங்க மயில்சாமி, அங்க வாட்ச்மேனா இருங்க. ஆறு உங்களுக்குத்தான் தெரியும். எனக்கும் நம்பிக்கையான ஆள் வேணுமுங்க” என்றார். அவருக்கு இதில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது என்று நினைக்கிறேன். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

மயில்சாமி காளியாத்தாளைப் பார்த்தார். அவள், “முட்டி வலிக்காத சோலின்னா போங்க” என்றாள். அப்படித்தான் அவர் காக்கிச் சட்டை போட்டார். நானும் அதற்கப்புறம் அவரோடு பேச ஆரம்பித்தேன். எத்தனை நாள் ஒருத்தர் முகத்தைப் பார்க்காமல் ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பது?

இந்த மாசியில் ஆறு இறங்கியது. மணல் வெளியே வந்தது. வடக்குக் கிளை வற்றிவிட்டதால் தீவு பார்க்க வருகிறவர்களை இன்னமும் தெற்கே சுற்றிப் பரிசலில்தான் கூட்டிப் போகிறார்கள். காளியாத்தாள் மத்தியானம் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு வற்றின ஆற்றில் நடந்து போவாள். வேலைக்காரர்கள் வீட்டு ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். கேட்டுக்கு வெளியே நிற்பாள், அவர் வந்து வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் கேட் திறந்து கிடந்தது. மயில்சாமி மேலே ஏதோ வேலையாக இருந்தார். அவள் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் மணலில் உட்கார்ந்தாள். போன வருசம் முதல் வரிசைக் குழி போட்ட இடம் அது. நான் இக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தேன், பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் அவள் கை மணலைப் பறிக்க ஆரம்பித்தது. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, ஈரம் தட்டுகிறதா என்று பார்த்தாள்.

மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோயமுத்தூர்ப் பெண் ஒருத்தி எழுந்து, “வாட்ச்மேன், யாரு அவங்க? எதுக்குக் குழி தோண்டறாங்க?” என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அங்கே ஓடியாடுகிற தன் குழந்தை குழியில் விழுந்துவிடுமோ என்று கேட்டிருப்பாள்.

மயில்சாமி இறங்கி வந்தார். காளியாத்தாளைப் பார்த்தார். அந்தப் பெண்ணையும் திரும்பிப் பார்த்தார்.

“தெரியலீங்க” என்றார். “ஊருக்குள்ள இருந்து யாரோ வந்திருக்காங்க.”

தண்ணீர் இல்லாத ஆற்றில் சத்தம் நன்றாகக் கேட்கும். எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் அவள் பக்கத்தில் போய், “ஏனுங்கம்மா, இங்கெல்லாம் உக்காரக் கூடாதுங்க. வெளிய போயிருங்க” என்றார்.

காளியாத்தாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரமெல்லாம் பார்க்கவில்லை.

“தெரியாம வந்துபோட்டனுங்க” என்றாள்.

பறித்த மணலைத் திரும்பத் தள்ளிக் குழியை மூடினாள். மேலே கையால் தடவிச் சமமாக்கினாள். எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, அவருக்குக் கொண்டு வந்த தூக்குப்போசியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். மயில்சாமி கேட்டைச் சாத்தினார். சோறு அவளோடேயே வீடு திரும்பியது.